ஆடும் சிட்டின் இதயம்

நேலிதா வீட்டில் காப்பிப் பானையை அவள் புருஷன் தொடக் கூடாது. விறகு பிளக்கலாம், அடுப்பு மூட்டலாம், மாடு கறக்கலாம், கிழங்கு உரிக்கலாம். காப்பிப் பானைப் பக்கம் மட்டும் கை போகக் கூடாது. காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் தட்டுத் தடுமாறி எழுந்து தன் காப்பியைத் தானேதான் போட்டுக்கொள்வாள். கல்யாணம், திருவிழா என்று எங்கே போனாலும் குடிக்கிற கோப்பையைக் கையைவிட்டு இறக்க மாட்டாள். தப்பித்தவறி வைத்துவிட்டு எழுந்துபோனால், திரும்பி வந்ததும் மிச்சத்தை மண்ணில் கொட்டிவிட்டு வேறு கேட்பாள். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பெயர் துலா. பொமகோச்சாஸ் ஏரிக்கு மேலே, லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிற மலைப்பாதையோரம் மீன் பொரித்து, காப்பியும் போட்டு விற்கிறேன். நேலிதா என்னைவிட இளையவள். அவள் மகள் யெனிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அந்த உரிமையில் நான் அவளைத் திட்டுவேன், அவளும் என்னைத் திட்டுவாள். தினமும் காலையில் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கடையில் போடுவாள். அரைமணி உட்கார்ந்து பேசாமல் போனதில்லை.

உள்ளபடி பார்த்தால் நேலிதா இந்த ஊரில் தங்கவேண்டியவளே இல்லை. அவள் அக்கா ஒல்கா கடற்கரைப் பக்கம், சிக்லாயோவில், தையல் கடை வைத்திருந்தாள். இவளும் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. துணிமணியெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. மழை விட்டதும் பயணம். அந்தச் சமயம் பார்த்து அப்சலோன் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்து சேர்ந்தான்.

அப்சலோனைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். காது இரண்டும் திறந்துபோட்ட கதவு மாதிரி நிற்கும். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. திருவிழாவில் ஆட இழுத்துவிட்டால் யார் காலையாவது மிதித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வான். அப்படிப்பட்டவன், கீழே வெப்பப் பள்ளத்தாக்கில் அவன் மாமன் தோட்டத்திலிருந்து காப்பிக்கொட்டை கொண்டுவந்து, வறுத்து இடித்து, நேலிதா அம்மாவின் அடுப்பில் தானே காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்தான். அதற்கப்புறம் அடிக்கடி வந்தான். மழை விட்டது. நேலிதா கட்டின மூட்டையை அவிழ்த்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். ஊரே மூக்கில் விரலை வைத்தது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "அவன்கிட்ட அப்படி என்னடி கண்ட?" என்று கேட்டேன். "தெரியலக்கா, அவர் வரலைன்னா பொழுது போக மாட்டேங்குது" என்றாள். கல்யாணம் ஆயிற்று. இரண்டு பேரும் புறாக்கள் மாதிரி இருந்தார்கள். வயிறெரிய நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் யெனியின் ஞானஸ்நான விருந்து வரைக்கும்தான்.

அன்று முற்றத்தில் ஆண்கள் கரும்புச்சாற்றுக் கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதில்பெர்த்தோ என்று ஒருவன், வாய்க்கொழுப்பு அதிகம். அவன்தான் ஆரம்பித்தான்.

"டேய் அப்சலோன், அந்தக் காதை வெச்சுக்கிட்டு இவளை எப்படிடா புடிச்ச? காதை அடிச்சுப் பறந்து போயி கொத்திட்டு வந்தியா?"

"மாமியாருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். அதான்" என்றான் இன்னொருவன்.

முற்றமே சிரித்தது. அப்சலோன் முகம் சிவந்துபோய்க் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தான். "சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஓடைக்குப் போயி, ஆடிக்கிட்டிருந்த கரண்டிவாலை ஒரே கல்லுல அடிச்சேன். இதயத்தை எடுத்துப் பொடிச்சுக் காப்பியில குடுத்தேன். போதுமா?"

சிரிப்பு நின்றது. எதில்பெர்த்தோ எழுந்து வந்து அவன் தோளில் தட்டி, "ஆம்பளைடா நீ" என்றான்.

எங்கள் ஓடைகளில் திரியும் ரீங்காரச் சிட்டுகளில் கரண்டிவால் ஒரு வகை. உடம்பு கட்டைவிரல் அளவுதான். ஆண் சிட்டின் வாலிலிருந்து உடம்பைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இரண்டு ஈர்க்குகள் வளைந்து போகும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊதா நிறத்தில் ஒரு வட்டக் கரண்டி. துணை தேடும் காலத்தில் அது அந்தரத்தில் நின்று அந்த இரண்டு கரண்டிகளையும் தலைக்கு மேலே வீசி ஆடும். ஆடும்போதே உண்டிவில்லால் அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆண்கள் கண்ட சாஸ்திரம். சும்மா உட்கார்ந்திருக்கிற சிட்டால் பயனில்லை. ஆடும்போதுதான் ஆசை மொத்தமும் இதயத்தில் வந்து நிற்குமாம். அந்த இதயத்தை உலர்த்திப் பொடித்து ஒரு பெண் குடிக்கிறதில் கலந்துவிட்டால், கொடுத்தவனை விட்டு அவள் ஆயுசுக்கும் போக முடியாது. எத்தனை சிட்டுகள் இப்படிச் செத்தனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதையெல்லாம் நேலிதா கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கையில் வறுத்த கினிப்பன்றித் தட்டுகள். ஒவ்வொருவர் முன்னாலும் தட்டைப் பதமாக வைத்தாள். அப்சலோனுக்கும் வைத்தாள். உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அக்கா, நான் இவர்மேல ஆசைப்பட்டேனே... அது நான்தானா?"

நானும் இந்த ஊர்க்காரிதானே. நானும் நம்பினேன். "குழந்தை அழுவுது பாரு, போ" என்றேன். அன்றிலிருந்து காப்பிப் பானை அப்சலோனுக்கு விலக்கு.

ஒருமுறை அவள் போகவும் பார்த்தாள். குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, கீழே பெத்ரோ ரூயிஸ் முச்சந்தி வரைக்கும் போய்விட்டாள். சிக்லாயோ பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. மதியம் ஒரு லாரியில் திரும்பி வந்து என் கடை முன்னால் இறங்கினாள், உதடெல்லாம் வெளுத்துப்போய். அப்சலோன் அங்கேதான் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இருப்பதைப் பொருட்படுத்தாமல் என்னிடம் சொன்னாள்:

"பாத்தியாக்கா? மாரைப் புடிச்சு இழுக்குது. சிட்டு விடாது. நான் எங்கயும் போக முடியாது."

அப்சலோன் வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்தார்கள். அவன் கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், அவனுக்கு நெஞ்சுச்சளி கட்டினபோது மூலிகை அரைத்து முதுகெல்லாம் தடவிவிட்டாள். ஆனால் ஆசையாக ஒரு வார்த்தை? கிடையாது. நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அந்த மனுஷனைப் பாத்து ஒரு நல்ல வார்த்தைதான் சொல்லேன்டி, வாய்ல முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்திவிட்டேன்.

"சொல்லத் தோணும்க்கா" என்றாள். "தோணும்போதே பயம் வந்துடும். பேசறது நானா, சிட்டான்னு தெரியாம எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

யெனி வளர்ந்தாள். அவளைப் பாகுவா ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. காலம் மாறி, கரண்டிவாலை அடிக்கக் கூடாது என்று ஆயிற்று. அதைப் பார்ப்பதற்கென்றே கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓடை நிலத்துக்காரர் சுற்றிலும் வேலி போட்டார். காவலுக்கு ஆள் வேண்டும் என்றதும் நேலிதா போய் நின்றாள். ஏன்டி உனக்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, "எனக்காக ஒண்ணு செத்துச்சு. மிச்சத்தையாவது பாத்துக்கறேன்" என்றாள். தினமும் காலை கறவை முடிந்ததும் ஓடைக்குப் போய், முள்ளுச்செடிப் புதருக்கு எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்துகொள்வாள்.

அப்சலோன் அந்த வேலிக்குள் கால் வைத்ததில்லை. சாப்பாடு கொண்டுவந்தால்கூட வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். கொன்ற இடத்துக்கு எந்த முகத்தோடு வருவான் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓடைக்குப் போகத் தொடங்கியபின் நேலிதாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. ஒருநாள் கடையில் உட்கார்ந்து கேட்டாள்:

"அக்கா, இந்த ஆம்பளைச் சிட்டுங்க யாருக்காக ஆடுதுங்கன்னு நெனக்கிற?"

"பொம்பளைக்குத்தான். இதுல என்ன சந்தேகம்?"

"அதான் இல்ல. முக்கால்வாசி நேரம் ஒரு ஆம்பளை முன்னாடி இன்னொரு ஆம்பளை ஆடுது. நான் பெரிசா, நீ பெரிசான்னு. வாலே முளைக்காத பொடிசுங்ககூட வந்து இல்லாத வாலை ஆட்டுதுங்க. பொம்பளை எப்பவாவதுதான் வரும்."

"நம்ம ஊர் கள்ளுக்கடை மாதிரின்னு சொல்லு."

சிரித்தாள். அவள் பல் தெரிய எவ்வளவு காலமாயிற்று! பிறகு பாலாடைக்கட்டி சுற்றியிருந்த துணியை மடித்தபடி சொன்னாள்: "பொம்பளை வந்தா சும்மா உக்காந்து பாக்கும். புடிச்சா இருக்கும். புடிக்கலன்னா போயிடும். அதுக்கு யாரும் எதையும் குடிக்கக் குடுக்கறதில்ல." துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

போன ஆட்டக்காலத்தில்தான் அது நடந்தது. அன்று வெளியாட்கள் யாரும் வரவில்லை. நான் நேலிதாவுக்கு மீன் கொண்டுபோய், அவள் பக்கத்தில் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். நேலிதா வீட்டுப் புள்ளிப்பசு எங்கேயோ வேலியைச் சாய்த்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு வேறு வழியில்லாமல் அப்சலோன் உள்ளே வந்தான். பசுவின் கழுத்துக்கயிற்றைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

புதரில் ஒரு கரண்டிவால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அந்தரத்தில் தாவித் தாவி, இரண்டு கரண்டிகளும் தலையைச் சுற்றிச் சுழல, கழுத்து நீலமாகத் தீப்பிடித்த மாதிரி மின்ன. ஒரு பெட்டை வந்து கீழே உட்கார்ந்தது. பார்த்தது. பறந்துபோயிற்று. ஆண் சிட்டு அதற்கப்புறமும் ஆடியது, வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு.

அப்சலோன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். நேலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப என்ன மரியாதை? இதோட பாட்டனைக் கொன்னப்பவும் தொப்பியைக் கழட்டினியாய்யா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. புதரைத்தான் பார்த்தான்.

"இதே இடந்தான்" என்றான். "இதே புதர். இருட்டு விலகறதுக்கு முன்னாடியே வந்து உண்டிவில்லை இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்படியேதான் ஒண்ணு ஆடுச்சு. இப்படியேதான் பொம்பளை வந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அப்புறமும் அது ஆடிக்கிட்டே இருந்துச்சு நேலிதா. அதுவும் என்னை மாதிரிதானேன்னு தோணிடுச்சு. கை வரல. கல்லைத் தண்ணியில போட்டுட்டு வந்துட்டேன்."



"அப்ப காப்பியில?" என்றாள் நேலிதா.

"வெல்லம்."

"வெல்லமா?"

"கொஞ்சம் கூடவே போட்டேன். உனக்கு இனிப்புன்னா புடிக்கும்னு உங்கம்மா சொன்னாங்க."

நான் வாயில் கைவைத்துக்கொண்டேன். நேலிதா எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி எதுக்குச் சொன்ன?"

"எல்லாரும் சிரிச்சானுங்க. அடிக்கப் போயி அடிக்காம வந்தேன்னு தெரிஞ்சா இன்னும் சிரிப்பானுங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"மறுநாள் எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னு சொல்லலாம்னு நாள் போச்சு. அப்புறம் நீ மூட்டையைத் தூக்கிட்டுப் போனியே. திரும்பி வந்து, சிட்டுதான் இழுக்குதுன்ன. அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு." அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லிட்டா, மறுபடி போனா நீ திரும்பி வர மாட்டியோன்னு பயம். இந்த மூஞ்சிக்காக நீ இருப்பேன்னு நான் நம்பல."

"நான் யெனிக்குப் பால் குடுத்த நாள்லேர்ந்து" என்றாள் நேலிதா, "இன்னிக்கு யெனி புள்ளைக்கே பல்லு முளைச்சாச்சு. இத்தனை காலமும் எனக்குள்ள செத்த சிட்டு ஒண்ணு கெடக்குதுன்னு நெனச்சுக்கிட்டே வாழ்ந்தேன்யா. நீ தூங்கறப்ப உன் தலையைத் தடவணும்னு தோணும். கையை மடக்கிக்கிட்டுப் படுத்துக்குவேன், அந்த ஆசை என்னுது இல்லன்னு. நீ கொல்லாத சிட்டுக்காக என்னைக் கொன்னுட்டியே!"

அவன் அழுதான். வயசான ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அன்று பரிதாபமும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாலு குடிகாரப் பயல்களின் சிரிப்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையையே ஊமையாக்கிவிட்டானே பாவி!

மறுநாள் காலையில் நேலிதா மூட்டையோடு என் கடைக்கு வந்தாள்.

"போறியாடி?"

"போய்ப் பாக்கணும்க்கா. இழுக்குதான்னு."

இந்தத் தடவை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்சலோன் தினமும் என் கடைக்கு வந்து ஒரு காப்பி வாங்கிக் குடித்தான். அவன் செய்த பாலாடைக்கட்டி புளித்து நாறியது. நான் வாங்கி நாய்க்குப் போட்டேன். "வீட்டுலதான் பானை இருக்குதே, போட்டுக் குடிக்கறதுக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுந்தேன். "அவ தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே" என்றான். அவள் இல்லாத வீட்டில்கூடத் தொடவில்லை. சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன், போய்க் கூட்டிக்கொண்டு வா என்று. மாட்டேன் என்று தலையாட்டினான். "போயி நின்னா அதுவும் இழுக்கற மாதிரிதான் ஆயிடும். இழுத்தது போதும்" என்றான். அன்றைக்குத்தான் அவன்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்தது. ஓடைக் காவலையும் அவனே பார்த்தான். கட்டையில் அவன் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

மழை தொடங்கி, கிழங்கு நட்டு முடிந்தும் அவள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு நாள் காலை மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், பஸ் நின்றது. நேலிதா இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். புதுச்சட்டை, அவளே தைத்தது.

செதிலும் சேறுமான கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "என்னடி, இழுத்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒண்ணுமே இழுக்கல. தினம் காலையில எழுந்து மாரைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அமைதியா இருந்துச்சு. ஒல்கா கூடவே இருந்துடுன்னா. இருந்துடலாம்னுகூட நெனச்சேன்." மூட்டையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நேத்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போகணும்னு தோணுச்சு. யாரும் தள்ளல, யாரும் இழுக்கல. எனக்குத்தான் தோணுச்சு. கெளம்பிட்டேன்."

"அவனை மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் தெரியாது. இன்னும் நெறைய திட்ட வேண்டியிருக்கு."

மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். கடையை அப்படியே போட்டுவிட்டு அவளோடு மேட்டில் ஏறினேன். அப்சலோன் அடுப்படியில் வேகவைத்த கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.  காப்பிப் பானை அவள் கவிழ்த்து வைத்த இடத்திலேயே, மேலே தூசி படிந்து கிடந்தது.

நேலிதா அதைப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பானையைக் கழுவுய்யா. எனக்கு ஒரு காப்பி போடு."

அவன் என்னைப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டோமா என்று. நான் தலையாட்டினேன். கழுவினான். தண்ணீர் வைத்தான். பாதிப் பொடியை அடுப்பில் கொட்டினான். தண்ணீர் கொதித்ததும் வெல்லக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

"எவ்வளவு போட?"

"அன்னிக்கு எவ்வளவு போட்டியோ, அவ்வளவு."

கோப்பையை நீட்டினான். அவள் முகர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வெறும் கோப்பையைத் தனக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.